பெரிய வெள்ளியில் மணி அடிப்பதில்லை

1

இந்த வருடம் என் அண்ணரின் முதலாம் ஆண்டு நினைவு இரண்டு நாளில் வருகிறது. அவர் கண்ணை மூடியது பெரிய வெள்ளியன்று. பெரிய வெள்ளி ஒரு திகதியில் அடங்கி நிற்கிற நாள் அல்ல, நிலவைப் பார்த்து முன்னுக்கும் பின்னுக்கும் போய்வருகிற நாள். இந்த முறை முந்திவிட்டது. பெரிய வெள்ளியைக் கணக்கில் எடுத்தால் ஆண்டு நினைவு ஒரு நாள், மரணச் சான்றிதழில் உள்ள திகதியை எடுத்தால் அதற்கு இரண்டு கிழமை கழித்து இன்னொரு நாள். ஊரில் எங்கள் அயலில் இருக்கும் சைவக்காரருக்கு இந்தக் கரைச்சல் இல்லை. திதி இருக்கிறது, ஐயரிடம் கேட்டால் நாளைச் சொல்லிவிடுவார்.

மச்சாளிடம், அதாவது அண்ணரின் மனைவி திரேசாவிடம், தொலைபேசியில் கேட்டேன்.

"எந்த நாளிலை பூசை ஒப்புக்குடுக்கப் போறியள் மச்சாள்?"

"பெரிய வெள்ளியிலை எங்கை பூசை? அண்டைக்குத்தானே உலகம் முழுக்கப் பூசை இல்லை. இந்த மனிசன் செத்தும் எங்களை அலைக்கழிக்குது" என்றார். சொல்லிச் சிரித்தவர் அப்படியே அழத் தொடங்கினார். நானும் சேர்ந்து அழுதேன். இங்கே அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

கோயில் திருநாள் மலருக்கு அண்ணரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டவள் ஜசிந்தா. அண்ணரின் பாடகர் குழுவில் நெடுங்காலம் இரண்டாம் குரல் பாடியவள், இப்போது குழுவை நடத்துகிறவள். "நல்லவர் வல்லவர் எண்டு எழுதிப் போடாதேங்கோ அக்கா, அதை எல்லாச் செத்தவைக்கும் எழுதுறவை" என்று எச்சரிக்கையும் தந்தாள். ஆகவே உண்மையையே எழுதுகிறேன். என் அண்ணர் மரியநாயகம் மாஸ்டர் பொல்லாத மனிதர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார், கோயிலில் பாட்டு நடத்தினார், இரண்டு இடத்திலும் விடை பிழைத்தால் பொறுக்கமாட்டார்.

நான் ரீற்றா. ஜெர்மனியில் ஒரு சிறிய நகரத்தில் இருக்கிறேன். வைத்தியசாலைச் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். என் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் வழங்காது, பேச்சும் இல்லை. காலையில் அவரைக் கழுவி, உடுப்பு மாற்றி, ஊட்டி, யன்னல் பக்கம் இருத்திவிட்டால் எனக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும். யன்னலுக்கு நேரே ஒரு கோயில். அதன் மணி மணித்தியாலத்துக்கு ஒருமுறை அடிக்கும். இதை எழுதுவதும் அந்த யன்னலுக்குப் பக்கத்தில் இருந்துதான்.

2

நான் இங்கே வந்த புதிதில் அண்ணர் எனக்கு ஒலிநாடாக்கள் அனுப்புவார். கொழும்புக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்து, அங்கிருந்து வேறொருவர் கையில் மாறி, பல மாதம் கழித்து வந்து சேரும். ஊரில் அப்போது ஊரே இல்லை. எங்கள் சனம் யுத்தத்தில் கீரிமலைக் கரையை விட்டு இடம்பெயர்ந்து, ஏதோ ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வேட்டி கட்டி மறைத்துக் கோயில் என்று வைத்திருந்தது. ஜசிந்தா அந்த மண்டபத்தில்தான் குழுவில் சேர்ந்தாள். பதிவில் பாட்டுக்கு நடுவே குழந்தைகள் அழும், யாரோ வாளி கழுவுவார்கள், தூரத்தில் வேறு சத்தங்களும் கேட்கும். அண்ணர் எதற்கும் பாட்டை நிறுத்துவதில்லை.

ஒவ்வொரு நாடாவின் மேலும் ஒரு காலத்தின் பெயர் எழுதியிருப்பார். ஆண்டவரின் பிறப்புக்குக் காத்திருக்கிற திருவருகைக் காலம், கிறிஸ்மஸ் என்கிற நத்தார், பெரிய வெள்ளிக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம், உயிர்த்த ஞாயிறோடு வருகிற பாஸ்கா. காலத்துக்குக் காலம் கேள், கலந்தடித்துக் கேளாதே என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். நான் அவர் சொல்லைக் கேட்கவில்லை. ஒரு தவக்காலத்தில், வெளியே இன்னும் பனி கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனம் சரியில்லாமல் நத்தார் நாடாவைப் போட்டுக் கேட்டேன். அடுத்த முறை பேசும்போது வாய் தவறிச் சொல்லியும் விட்டேன்.

"தவக்காலத்திலை நத்தார்ப் பாட்டோ?" என்றார். "உனக்கு அங்கை சாப்பாடு கூடிப்போச்சு."

அவருடைய கணக்கு அப்படி. ஒரு வருடம் என்றால் ஒரு பாட்டு, அதைத் துண்டு துண்டாய்ப் பாடுகிறோம் என்பார். நான் அந்தக் கணக்கை அப்போது விளங்கிக்கொள்ளவில்லை. ஆனால் நாடாக்களை ஆண்டுக்கணக்கில் கேட்டுக் கேட்டுக் காது தானாகப் பழகிவிட்டது. திருவருகைக் காலத்துப் பாட்டுகள் ஏறமாட்டா. வருமோ வராதோ என்று தெரியாத பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் போல ஒரே இடத்தில் நின்று கேட்கும். நத்தார் வந்தால் மேளமும் வந்துவிடும், சந்தோசத்தில் எல்லோரும் தாளத்தை மிதித்துக்கொண்டு ஓடுவார்கள், அண்ணர் ஒருவர்தான் பிடித்து இழுப்பார். தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனோடு வாத்தியங்கள் அடங்கும். தவக்காலத்து மாலைகளில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாய் நிலத்தில் இருந்து பசாம் பாடுவார்கள். ஆண்டவருடைய பாடுகளை ஒப்பாரியாய் இழுத்துப் பாடுவதுதான் பசாம். ஒரு பக்கம் ஒரு அடியைப் பாடி முடிக்கும், மற்றப் பக்கம் அதை வாங்கி அழும். அந்தப் பாட்டில் ஒவ்வொரு அடியின் கடைசிச் சொல்லும் கீழே விழுந்து கிடக்கும். நான் பலமுறை பாதியில் நிறுத்தியிருக்கிறேன்.

கார்த்திகையில் சேமக்காலைக் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்திப் பாடுவதையும் ஒருமுறை பதிந்து அனுப்பினார். அதில் பாட்டைவிடக் காற்றுத்தான் அதிகம் கேட்டது. இந்தப் பெரிய காலங்களுக்கு நடுவில் கிடக்கிற பொதுக்காலத்துக்கு மட்டும் நாடா வந்ததில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அதை நீயே பாடு. சும்மா நாளைப் பாடத் தெரிஞ்சவன்தான் பாட்டுக்காரன்."

தவக்காலம் முழுவதும் அல்லேலூயா என்ற சொல் கோயிலில் வராது. அது எல்லாக் கத்தோலிக்கருக்கும் தெரிந்த விசயம். அண்ணர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். விபூதிப் புதன் தொடக்கம் அவர் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்லக்கூடாது, முணுமுணுக்கவும் கூடாது. ஆனால் பாஸ்காப் பாட்டுகளைத் தவக்காலத்தில் பழகாமல் வேறு எப்போது பழகுவது? அதற்கும் வழி வைத்திருந்தார். அந்தச் சொல் வருகிற இடமெல்லாம் குழு "லல்லலா" என்று பாடவேண்டும். புதிதாய் வருகிற பாதர்மார் முதல் தடவை கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். பாஸ்கா இரவில், மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு படி உயர்த்தி, அந்தச் சொல்லை அண்ணர் எடுத்துக் கொடுப்பார். அப்போது ஒருவரும் சிரிப்பதில்லை.

இங்கே ஜெர்மன்காரர் பெரிய வியாழனைப் பச்சை வியாழன் என்கிறார்கள். நாங்கள் சமையலறையில் அன்றைக்குக் கீரை சமைப்போம். அன்று இரவோடு மணிகள் அடங்கும், பாஸ்கா வரைக்கும் மணிக்குப் பதில் கட்டையால் தட்டுகிற மரத்தட்டிதான். மணிகளெல்லாம் பறந்து உரோமாபுரிக்குப் போய்விட்டன என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். என் மகள் அனித்தா சிறு வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "எங்கட ஊர் மணியும் பறக்குமா அம்மா?" என்று கேட்டாள். எங்கள் மணி எப்போதோ பறந்துவிட்டது பிள்ளை, யார் கழற்றிக்கொண்டு போனார்கள் என்றும் தெரியாது என்று நான் சொல்லவில்லை. ஓம், பறக்கும் என்றேன். அவள் கேட்ட கடைசிக் கோயில் கேள்வி அதுவாக இருக்கலாம். இப்போது அவளுக்குப் பாஸ்கா என்றால் நீண்ட விடுமுறை. குற்றம் சொல்லவில்லை. அவளை நான்தான் இங்கே வளர்த்தேன்.

3

போன வருடம் தவக்காலம் தொடங்கிய பிறகு மச்சாள் தொலைபேசி எடுத்தார். அண்ணருக்குச் சுவாசப்பையில் வருத்தம் என்பது முன்னமே தெரியும். "இனி ஆசுப்பத்திரியிலை வைச்சிருந்து பிரயோசனம் இல்லை எண்டு வீட்டை அனுப்பிப் போட்டினம். வாறதெண்டால் வா" என்றார்.

பக்கவாதத்தில் கிடக்கிற இவரை விட்டுவிட்டு எப்படிப் போவது? நோயாளரைக் கொஞ்சக் காலத்துக்கு வைத்துப் பார்க்கும் விடுதிகள் இங்கே உண்டு. அதற்குக் காப்புறுதிக் காரியாலயம் சம்மதிக்கவேண்டும். அங்கே இருந்த பெண் மரியாதையாகத்தான் கேட்டாள், ஊரில் யாருக்குச் சுகமில்லை, என்ன உறவு என்று. என் சகோதரன் என்றேன். சகோதரன் சட்டப்படி இரண்டாம் நிலை உறவு என்று விளக்கினாள். அப்பா செத்த பிறகு என்னைப் படிப்பித்தவர், நான் நாடு விட்டுப் போகிற அன்று கட்டுநாயக்கா விமான நிலையம் வரைக்கும் வந்து, எனக்கு முன்னால் அழாமல், திரும்பிப் போகும் வழி முழுக்க அழுதவர் என்பதையெல்லாம் ஜெர்மன் மொழியில் சொல்ல எனக்கு வரவில்லை. எழுத்து, கையெழுத்து, அனித்தாவின் தொலைபேசி மன்றாட்டு எல்லாம் முடிந்து ஒருவழியாக இடம் கிடைத்தது. பாஸ்காவுக்கு அடுத்த திங்கட்கிழமை மதியத்துக்கு முன் இவரைத் திரும்பக் கூட்டிப்போகவேண்டும், அந்தக் கட்டிலுக்கு வேறு ஆள் வருகிறது என்றார்கள். விடுதியின் கணக்கைப் பார்த்து விமானச் சீட்டை எடுத்தேன். கோயிலின் கணக்கைப் பார்க்கவில்லை.

"எப்ப திரும்பிப் போறாய்?" வீட்டுக்குள் நான் கால் வைத்ததும் அண்ணர் கேட்ட முதல் கேள்வி அதுதான். கட்டிலில் சாய்ந்து இருந்தார். தோள் எலும்பு இரண்டும் சட்டைக்கு மேலால் தெரிந்தன.

"உயிர்த்த ஞாயிறு விமானம் அண்ணை. சனி பின்னேரமே கொழும்புக்கு வான் பிடிச்சு வெளிக்கிடவேணும்."

"பாஸ்காப் பூசைக்கு முன்னமோ? ஆரடி உனக்கு நாள் பார்த்துத் தந்தது?"

பேசும்போது பாதிச் சொல் காற்றாய்ப் போனது. மூன்று படி உயர்த்திப் பாடிய மனிதன், ஒரு முழு வசனத்தைச் சொல்லி முடிக்க இரண்டு முறை மூச்செடுத்தார்.

மாலையில் குழு அவர் வீட்டு விறாந்தைக்கு வந்தே பழகியது. ஜசிந்தா நடத்துவாள். அண்ணர் உள்ளே படுத்துக் கிடந்து கேட்பார். பிழை வந்தால் கட்டில் சட்டத்தில் விரலால் தட்டுவார். அந்தத் தட்டு விறாந்தைக்குக் கேட்கும், அவர்கள் நிறுத்தித் திரும்பத் தொடங்குவார்கள். பாஸ்காப் பாட்டு வரும்போது எல்லோரும் லல்லலா என்று பாடினார்கள். வளர்ந்த மனிதர்கள், மீனுக்குப் போகிறவர்களும் வங்கியில் வேலை செய்கிறவர்களும், கண்ணை மூடிக்கொண்டு லல்லலா. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பும் ஒரு பக்கம் ஆத்திரமும் வந்தது. இந்த மனிதனுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது? அந்தச் சொல்லை ஒருமுறை சொன்னால் வானம் இடிந்து விழுமா?

ஒருநாள் மத்தியானம் அவருக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு நின்றேன். என்னை அறியாமல் அந்தப் பாட்டு வாயில் வந்தது, சொல்லோடு வந்தது. உள்ளே கட்டில் தட்டும் சத்தம். நான் கரண்டியோடு போய் நின்றேன்.

"சாகக் கிடக்கேக்கையும் உங்களுக்குச் சட்டமோ அண்ணை?"

"சட்டம் இல்லையடி பிள்ளை." மூச்செடுத்தார். "ஒருசந்தி. பசி கிடந்தவனுக்குத்தான் சோத்தின்ரை ருசி தெரியும். நான் பசி கிடக்கிறன். நீ வந்து இடையிலை சோத்தைத் தீத்தாதை."

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

4

பெரிய வியாழன் பூசையில் கடைசியாய் மணியை அடித்து நிறுத்தினார்கள். இது புது மணி, ஊர் திரும்பிய பின் வாங்கியது. வீட்டிலிருந்து கேட்டோம். அண்ணர் கையைச் சற்று உயர்த்திப் பிடித்திருந்து, கடைசி அடி ஓய்ந்த பின் கீழே வைத்தார்.

அடுத்த நாள் காலையில் சிலுவைப்பாதைக்குச் சனம் போய்வந்தது. வெயில் ஏறியது. மச்சாள் அவர் உதட்டைத் துணியால் நனைத்துக்கொண்டிருந்தார். நான் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மூன்று மணி வழிபாட்டுக்குக் கூப்பிட்டு மரத்தட்டியை அடித்துக்கொண்டு ஒருவர் தெருவால் போனார். அந்தக் கட்டைச் சத்தம் எங்கள் படலையைத் தாண்டிப் போனபோது அண்ணர் கண்ணைத் திறந்து பார்த்தார். யாரைப் பார்த்தார் என்று தெரியாது. அது கடற்கரைப் பக்கம் போய் மங்கும்போது அவர் மூச்சும் நின்றிருந்தது.

எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் கோயில் மணியை விட்டு விட்டு அடிப்பார்கள். வலை பொத்துகிறவனும் அடுப்பு மூட்டுகிறவளும் கையை நிறுத்தி, நெற்றியில் சிலுவை போட்டு, யார் என்று கேட்பார்கள். கோயில் மூப்பர் படலையடியில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"மணி அடிக்கேலாது தங்கச்சி. இண்டைக்கு ஏலாது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "எத்தினை பேருக்கு அடிச்சிருப்பன். மாஸ்டருக்கு அடிக்கேலாமல் போச்சு."

செய்தி வாயாலும் தொலைபேசியாலும் போனது. வழிபாடு முடிந்து ஆசந்தி என்கிற பாடையில் கிடந்த ஆண்டவர் சுரூபத்தை முத்தமிட்டுவிட்டு, கோயிலில் நின்ற சனம் அப்படியே எங்கள் வீட்டுக்கு வந்தது. எல்லோர் வாயும் பசாம் பாடிக் காய்ந்திருந்தது.

5

பங்குப் பாதர் இளம் ஆள். கதிரையின் விளிம்பில் இருந்துகொண்டு பேசினார்.

"நாளைக்கு அடக்கம் செய்யலாம் அம்மா. ஆனால் பூசை இல்லை. மணி இல்லை, ஓர்கன் இல்லை, அல்லேலூயா இல்லை. செபம் சொல்லி அடக்கம் செய்யிறதுதான். ஞாயிறு அடக்கப் பூசை வையேலாது. திங்கள் எண்டால் எல்லாம் செய்யலாம். பாஸ்காக் காலம் வந்திடும், முழுப் பாட்டோடை அனுப்பலாம்."

எல்லோருக்கும் என் விமானம் தெரியும். சனி என்றால் நான் நிற்பேன், அண்ணர் பாட்டில்லாமல் போவார். திங்கள் என்றால் அண்ணர் பாட்டோடு போவார், நான் நிற்கமாட்டேன்.

வெளியே போய் அனித்தாவுக்கு எடுத்தேன். அவள் ஸ்பெயினில், துணைவனின் குடும்பத்தோடு கடற்கரையில் நின்றாள். மாமா செத்துப்போனார் என்று சொன்னதும் அழுதாள், உண்மையாகத்தான் அழுதாள். விடுதிக்கு எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்தாள்.

"அம்மா, அங்க ஒபிஸ்ல யாரும் எடுக்கேல்ல. பெரிய வெள்ளி எண்டு மெசின் சொல்லுது. எனக்கும் புதன்தான் பிளைட். அப்பாவ என்ன செய்யிறது?" கொஞ்சம் பொறுத்து, "நாளைக்கே செய்யலாம்தானே அம்மா? பாட்டு இல்லாட்டி என்ன?" என்றாள்.

பாட்டு இல்லாட்டி என்ன என்பதை விளங்கப்படுத்த அந்த இடத்தில் எனக்கு எந்த மொழியும் வரவில்லை.

உள்ளே வந்தபோது மச்சாள் நிமிர்ந்து இருந்தார்.

"நாளைக்குச் செய்வம் பாதர். ரீற்றா இல்லாமல் நான் பெட்டியை மூட விடன். அவருக்குக் கூடப்பிறந்தது இது ஒண்டுதான்."

ஜசிந்தா சுவரோடு நின்றாள். தலையில் போட்ட முக்காடு இன்னும் எடுக்கவில்லை. "திரேசா அக்காவும் ரீற்றா அக்காவும் என்ன சொன்னாலும் சரி. ஆனா ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. முகாமிலை இருந்து அவரோடை பாடினனாங்கள். அவரின்ரை தட்டுக்குப் பயந்து பாடினனாங்கள். அவரைச் சத்தமில்லாமல் மண்ணுக்குள்ளை வைக்க எங்களாலை ஏலாது."

எனக்குக் கோபம் வந்தது. யாரடி நீ, அவர் என் அண்ணர் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் அவளும் அதையே என்னிடம் கேட்கலாம் போல இருந்தது. நான் நாடாவில் கேட்ட இத்தனை வருடங்களையும் அவள் அவர் பக்கத்தில் நின்று பாடியிருக்கிறாள். அவர் இருமினது, கோபப்பட்டது, ஒலிநாடாவை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தது எல்லாம் அவளுக்குத் தெரியும். எனக்கு வந்து சேர்ந்தது பாட்டு மட்டும்தான்.

சனி என்று சொல்லத்தான் ஆசை. ஒரு பிடி மண் போடவேண்டும் என்று எத்தனை ஆயிரம் மைல் வந்தேன். ஆனால் அந்த மனிதன் விபூதிப் புதன் தொடக்கம் அந்தச் சொல்லுக்குப் பசி கிடந்தவர். செத்தது ஒருசந்தியோடு. பந்தி வைக்க இரண்டு நாள் இருக்கும்போது, எனக்கு வசதி இல்லை என்பதற்காக அவரைப் பசியோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

"திங்கள் செய்யுங்கோ பாதர்" என்றேன்.

மச்சாள் என்னைப் பிடித்து உலுக்கினார். "உனக்கு விசரோ? பிறகு இருந்து அழுவாய்."

"ஓம் மச்சாள், அழுவன்" என்றேன்.

6

சனிக்கிழமை முழுவதும் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தேன். மற்றச் செத்தவீடுகளில் பாட்டும் செபமுமாய் இருக்கும். அன்றைக்குச் செபமாலை மட்டும், அதுவும் மெல்ல. ஆண்டவரே கல்லறைக்குள் கிடக்கிற நாள் என்று சனம் குரலைத் தாழ்த்தியே பேசியது. வந்தவர்களில் பாதிப் பேருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "தங்கச்சியாரோ? வெளிநாட்டிலை இருக்கிறவவோ?" என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள்.

வான் வந்து ஒழுங்கையில் நின்றபோது பொழுது சாய்ந்திருந்தது. அண்ணரின் நெற்றியை முத்தமிட்டேன். பெட்டி மூடும்போதுதான் வீட்டுச் சனம் அழுவது வழக்கம். எனக்கு முன்கூட்டியே தனியாக அழவேண்டி இருந்தது. மச்சாள் படலை வரைக்கும் வந்து என் கையை விடாமல் நின்றார். சாரதி இரண்டு முறை ஹோர்ன் அடித்தார்.

கோயிலடியால் போகும்போது சனம் கொளுத்தாத மெழுகுதிரிகளோடு வெளியே கூடி நின்றது. பாஸ்காப் பூசையைத் தொடங்கும் நெருப்புக்கு நடுவில் விறகு அடுக்கி வைத்திருந்தார்கள், இன்னும் நெருப்பு வைக்கவில்லை. கொஞ்சம் நிற்பாட்டுங்கள் என்று சொல்ல நினைத்தேன். நின்றால் பிறகு ஏறமாட்டேன் என்று தெரிந்து சொல்லவில்லை. வான் உடுவில் தாண்டும் வரைக்கும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

7

திங்கட்கிழமை காலை இவரைக் கூட்டி வந்தேன். விடுதியில் முகம் மழித்து விட்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நல்ல கையால் என் சட்டை விளிம்பைப் பிடித்தார், வீடு வரும் வரைக்கும் விடவில்லை. அண்ணை போய்விட்டார் என்று சொன்னேன். விளங்கியதோ தெரியாது. வெளியே கோயில் மணி அடித்தது. உரோமாபுரியிலிருந்து எல்லாம் திரும்பிவிட்டன.

ஊரில் பின்னேரம் என்றால் இங்கே மத்தியானம். இவருக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது ஜசிந்தா எடுத்தாள். பின்னால் ஓர்கன் சத்தம்.

"அக்கா, பூசை முடியப்போகுது. இனிப் பெட்டி எடுக்கிற பாட்டு. போனை வைச்சிடாதேங்கோ. கூடப் பாடுங்கோ."

படம் வேண்டாம், சத்தம் மட்டும் போதும் என்று சொல்லித் தொலைபேசியை மேசையில் வைத்தேன். அந்தப் பாட்டு எனக்குத் தெரியும். ஒரு குரல் ஒரு அடியைப் பாடும், சனம் அல்லேலூயா என்று மறுமொழி சொல்லும். விறாந்தையில் லல்லலா என்று கேட்ட அதே பாட்டு.

ஜசிந்தா முதல் அடியைப் பாடினாள். நான் கையில் கரண்டியோடு, எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு, அல்லேலூயா என்று எடுத்தேன். கோயிலில் ஒருவரும் பாடவில்லை. நான் பாதி போனபிறகுதான் அவர்கள் தொடங்கினார்கள். முந்திவிட்டேன் போல என்று நினைத்தேன். அடுத்த அடி முடிந்தது, எடுத்தேன், திரும்பவும் நான்தான் முந்தி. இத்தனை வருடம் தனியே நாடாவோடு பாடிப் பாடி மற்றவர்களோடு பாட மறந்துவிட்டேன் என்று வெட்கமாக இருந்தது. அண்ணர் இருந்தால் கட்டிலில் தட்டியிருப்பார்.

மூன்றாம் அடிக்கு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அவர்கள் தொடங்கட்டும், பின்னால் சேர்ந்துகொள்ளலாம் என்று. ஜசிந்தாவின் குரல் முடிந்தது. பிறகு ஒன்றும் இல்லை. ஓர்கன் ஒரே சுரத்தில் நின்றது. யாரோ இருமினார்கள். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன், அறவில்லை. பயத்தில் அந்தச் சொல்லை மெல்லச் சொன்னேன். சொல்லி ஒரு மூச்சு விட்டிருப்பேன், கோயில் முழுவதும் ஒரேயடியாய் எழுந்து பாடியது. அதற்குமேல் மணி, அழுகை, செருப்புச் சத்தம். பிறகு அறுந்துவிட்டது.

சூப் ஆறிப்போயிருந்தது. சூடாக்கி மிச்சத்தை இவருக்கு ஊட்டினேன்.

அடுத்த நாள் மச்சாள் எடுத்தார். அழுது அழுது குரல் கட்டிக் கிடந்தது. யார் யார் வந்தார்கள், சேமக்காலையில் எந்த இடம், மழை தூறியது என்றெல்லாம் சொன்னார். நான் குறுக்கே, பாட்டில் ஏன் அப்படி இடைவெளி விட்டார்கள் மச்சாள், எனக்குத் தாளம் பிடிபடவில்லை என்றேன்.

"உனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?" என்றார். "ஜசிந்தா உன்ரை போனை ஸ்பீக்கரிலை பூட்டி விட்டவள். உன்ரை குரல் கோயில் முழுக்கக் கேட்டது. அங்கையிருந்து வந்து சேரச் சுணங்கும், அவ எடுத்தாப் பிறகுதான் நாங்கள் எடுக்கிறது எண்டு எல்லாருக்கும் சொல்லி வைச்சவள். மூண்டாந்தரம் நீ சத்தமில்லாமல் நிண்டிட்டாய். பெட்டியைத் தோளிலை வைச்சபடி பொடியள் நிண்டவங்கள். பாதர் நிண்டவர். நீ பாடின பிறகுதான் ரீற்றா, உன்ரை அண்ணர் கோயிலாலை வெளிக்கிட்டவர்."